மருதாணி வைத்த ரீட்

கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. 'இன்னாங்க' என்போம், 'இதோ பாருங்க' என்போம். கோபம் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவோம். தபால்காரர் வந்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டாலும் தபாலைத் திருப்பி அவரிடமே நீட்டி, 'மேலே எழுதியிருக்கே, அதுதான்' என்று சொல்லி அனுப்புகிறவள் நான். ஆனால் பெயர் இல்லாத ஓர் ஆளைப் பற்றி எவ்வளவு நேரம்தான் சொல்வது? கரீமுல்லா. சொல்லியாகிவிட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்தக் கரீமுல்லா டாக்கி படம் வந்த மறு வருஷம் என் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், பள்ளிவாசல் சந்தில் எங்கள் வீடு. அவர் பேண்ட் செட்டில் சாக்ஸபோன் ஊதுகிறவர். முன்பெல்லாம் பயாஸ்கோப் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். படம் தானே பேச ஆரம்பித்ததும் ஊதுகிறவர்களுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அப்துல் கய்யூம் பாய் நடத்தும் கல்யாண பேண்டில் சேர்ந்தார். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. போட்டுக்கொண்டு நின்றால் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தொப்பி தலைக்குப் பத்தாமல் போய்விடும்.

சாக்ஸபோனில் வாயில் வைக்கிற பகுதிக்கு மவுத்பீஸ் என்று பெயர். அதன் அடிப்பக்கத்தில் நாணல் தட்டையிலிருந்து சீவிய மெல்லிய பட்டை ஒன்றை வைத்து வளையத்தால் இறுக்குவார்கள். அதுதான் ரீட். ஊதும்போது அந்தப் பட்டை துடிக்கும். அந்தத் துடிப்புதான் அந்தப் பெரிய வளைந்த குழாய்க்குள் போய்ச் சங்கீதமாக வெளியே வருகிறது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு இவ்வளவு தெரியாமல் போனால்தான் அதிசயம்.

அவருடைய பழைய மவுத்பீஸ் எபனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பரில் செய்தது. மேல் பல் பதிந்து பதிந்து அதன் தலையில் இரண்டு குழி விழுந்திருந்தது. அது கொஞ்ச காலமாக மங்கிப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உசுரு போயிடுச்சு ஜஹீதா. எவ்ளோ ஊதினாலும் போர்வ போத்திக்கினு பாடறா மாரி கீது." எனக்கென்னவோ எப்போதும் போலத்தான் இருந்தது. நான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

கப்பலில் வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரப் பேண்டுக்காரன் விற்றுவிட்டுப் போனதாம், மவுண்ட் ரோடு கடை ஒன்றில் உலோகத்தில் செய்த மவுத்பீஸ் இருந்ததாம். அதைக் கொண்டுவந்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் துணியைப் பிரித்துக் காட்டினார். வெள்ளி முலாம், பளபளவென்று இருந்தது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. மீன் வெட்டுகிற கத்திக்கு உள்ள பளபளப்பு அது.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு பேராக இருந்த வீட்டில் அன்றிலிருந்து மூன்று பேர்: நான், அவர், அந்த மவுத்பீஸ். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை. பழையதற்குப் பழகிய உதடு புதியதன்மேல் நிற்காமல் வழுக்கியது. கீழ் உதட்டின் உள்பக்கம் புண்ணாகி, காரம் போட்ட எதையும் தொடாமல் தயிர் சோறாகச் சாப்பிட்டார். பழைய ரீட்டைப் புதியதில் மாட்டினால் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. புதுசு வாங்கினார். கெட்டியானது, மெல்லியது, நடுத்தரம் என்று எதை மாட்டினாலும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றார். உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சுரண்டுவார், உப்புத்தாளில் தேய்ப்பார், வெற்றிலை குதப்புகிற மாதிரி வாயில் ஊறப்போடுவார், ஊதுவார், முகத்தைச் சுளிப்பார், மறுபடியும் சுரண்டுவார்.

ஊறின ரீட் வளையாமல் காய வேண்டுமென்றால் கண்ணாடிமேல் ஒட்டவைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கண்ணாடி என்னுடையது. அதில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ரீட்டுகளை ஒட்டிவைத்தார். நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே ஒரு ரீட், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரீட். அந்த வாரங்களில் நான் எந்த முகத்தோடு நடமாடினேன் என்று எனக்கே தெரியாது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சுரண்டச் சுரண்ட அது கீச்சிட்டது. கீச்சிடக் கீச்சிட அவர் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் கொஞ்சம் வருது," என்பார். நான் அடுக்களையில் காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

ஊரூர் குப்பத்திலிருந்து அடையாற்றுப் பாலம் தாண்டி மீன் கொண்டுவருவாள் தேசம்மா. அவள் கணவர் லாசர் அதே பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவர். கடலுக்குப் போகாத நாளில் கல்யாணத்துக்குப் போவார். தேசம்மா ஒருநாள் கூடையை இறக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா பாயம்மா, உள்ள யாரோ பூனைய மிதிக்கிறாங்களா?"

"உங்க வூட்டுக்காரர் கூட வாசிக்கிற மனுஷந்தான் வாசிக்கிறாரு."

"ஐய, அது வாசிக்கிறதா? நான் வேற இன்னாவோன்னு கெதக்குன்னு ஆயிட்டேன்," என்று சொல்லிவிட்டு, எனக்கு முகம் வாடியதைப் பார்த்து ஒரு சங்கரா மீன் கூடுதலாகப் போட்டாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கய்யூம் பாய் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். ஆனால் நல்ல செய்தி கொண்டுவருகிற நாளில் இப்படி அத்தரெல்லாம் பூசிக்கொண்டு வரமாட்டார். நான் படுதாவுக்குப் பின்னால் நின்று டீ தம்ளரை நீட்டினேன்.

"கரீம் பாய், தப்பா எடுத்துக்காதீங்க. போன மாம்பலம் கல்யாணத்துல பொண்ணோட அப்பா காத பொத்திக்கினாரு. மாப்ளயோட குதிர மெரண்டுச்சு."

"குதிர எதுனா பாம்பு பாத்திருக்கும்."

"ஊர்வலத்துல இன்னா பாய் பாம்பு?"

"மாம்பலத்துல பாம்பு இல்லாமயா? நேத்து வரிக்கும் ஏரிதான அது?"

கய்யூம் பாய் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வைகாசில கோபாலபுரத்துல வக்கீல் வூட்டு மாப்ள அழைப்பு. பெரிய எடம். அன்னிக்கு சத்தம் பழைய மாரி வரணும். வர்லேன்னா சாக்ஸ உமர் ஃபாரூக் கையில குடுக்கறத தவிர எனக்கு வேற வழி இல்ல. உங்கள நான் உட்டுட மாட்டேன். நீங்க தாளம் எடுத்துக்குங்க."

சாக்ஸபோன் கய்யூம் பாயுடையது. பேண்டில் ஊதத் தெரியாதவர்கள் கையில் கொடுப்பதுதான் அந்தப் பித்தளைத் தட்டுத் தாளம். உமர் ஃபாரூக் இவருக்குப் பக்கத்தில் நின்று கிளாரினெட் ஊதுகிறவன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்.

கய்யூம் பாய் போன பிறகு இவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் ரீட்தான் ஜஹீதா. சரியான ரீட் ஒண்ணு கெடச்சா போதும். ஒண்ணே ஒண்ணு." அந்தக் குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சாதாரணமாக அவருக்கு நான் பதிலுக்குப் பதில் கொடுப்பேன். அன்று தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நடந்தது என்ன என்று எனக்கு விளங்கியது வளையலால்.

பங்குனியில் கபாலி கோயில் அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மாடவீதி முழுக்கக் கடை போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அங்கே கண்ணாடி வளையல் வாங்குவேன். என் வளையல் சத்தத்தை வைத்தே நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவார் இவர். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் வந்தால், "இன்னா, யார் மேல கோவம்?" என்பார். கல்யாணம் ஆன புதிதில் அதற்கே நான் மயங்கிப்போனேன். இப்படி ஒரு காது உள்ள மனுஷனுக்கு வாக்கப்பட்டிருக்கிறோமே என்று.

அந்த வருஷம் பச்சை வளையல் கை நிறையப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னலோரம் ரீட் சுரண்டிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். கேட்பார் என்று நின்றேன். கையை ஆட்டினேன். கேட்கவில்லை. தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு கையையும் குலுக்கினேன். பக்கத்து வீட்டுக் கோழி கூடத் திரும்பிப் பார்த்தது. இவர் திரும்பவில்லை. என் நிழல் ரீட்டின் மேல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். "எப்ப வந்த?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதேன்.

கொஞ்ச நாளாகவே கூப்பிட்டால் பதில் வருவதில்லை. அது எல்லாக் கணவர்களுக்கும் வருகிற வியாதிதானே என்று நான் விட்டுவிட்டிருந்தேன். பால் பொங்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்காமல் விட்டதும் அதில்தான் சேர்த்தி. ஆண்கள் கட்டைக்குரலில் பேசினால் அவருக்குக் கேட்டது. கடிகாரம், வளையல், குருவி, என் குரல், இந்த மாதிரி மெல்லிய உச்சத்தில் வருவதெல்லாம் அவர் உலகத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போயிருந்தன.

மறுநாள் தேசம்மா மீன் ஆயும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உன் வூட்டுக்காரர நீ கூப்ட்டா திரும்பிப் பாக்கறாரா?"

"எங்க பாக்கும் அது? முதுகுல ஒண்ணு போட்டாத்தான் திரும்பும். டமாரம் அடிச்சி அடிச்சி காது செத்துப்போச்சி பாயம்மா. அதும் அந்த ஊர்கோலத்துல அதிர்வேட்டு வேற போட்றானுங்களே. உடு, டமாரம் அடிக்கிறவனுக்கு காது எதுக்கு, கை இருந்தா போதும். ஊதறவனுக்குத்தான் காது வோணும்."

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நான் மீனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊர்வலத்தில் சாக்ஸுக்கு நேர் பின்னால்தான் லாசரின் பெரிய டிரம்.

ஆக, பழைய மவுத்பீஸ் மங்கவில்லை. வந்த ரீட்டுகளில் குறை இல்லை. அவருக்குக் கேட்கிற மாதிரி வருவதற்காக அவர் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினார். அவருக்கு லேசாகக் கேட்கிற இடம் எங்களுக்குக் காதைக் கிழிக்கிற இடமாக இருந்தது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? 'உங்களுக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேளைச் சோற்றை எந்தக் கையால் போடுவது? பயாஸ்கோப் கொட்டகையில் வேலையும் அவர்கள் கொடுத்திருந்த சாக்ஸும் போன அன்று அந்த மனுஷர் அழவில்லை. "சாக்ஸ் வேற கெடைக்கும்," என்றார். காதுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? வெளியே தெரிந்தால் கோபாலபுரம் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்கள். தாளத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். சொல்லாமலேயே சரி செய்ய முடியுமா என்று பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் கண்ணாடிச் சில்லை எடுத்துக் கிணற்றடியில் வீசினேன். அப்புறம் அவர் சுரண்டி மெலிதாக்கின ரீட்டுகளை ஒவ்வொன்றாக மறையவைத்தேன்.

"ஜஹீதா, இங்க ரெண்டு வெச்சிருந்தேனே?"

"எலி," என்று கத்தினேன்.

"எலி ரீட்ட தின்னுமா?"

"நம்ம வூட்டு எலிக்கு சங்கீதம்னா உசுரு."

புதிதாக ஒரு டப்பா ரீட் வாங்கிவந்தார். சாயங்காலம் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார். நான் அடுக்களையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஸ்வரம் எது, ராகம் எது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் இவர் நன்றாக வாசிக்கும்போது எனக்கு அடிவயிற்றில் ஒரு நிம்மதி வரும். பதினாறு வயதில் வந்தது, இன்னும் வருகிறது. அதை நம்பித்தான் இறங்கினேன். அந்த நிம்மதி வந்த ரீட்டெல்லாம் வரிசையில் எங்கே இருக்கின்றன என்று மனசில் வைத்துக்கொண்டேன். அவருக்கோ எல்லாமே உயிர் இல்லாதவையாம். ஊதிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கொல்லையில் ஒரு மருதாணிச் செடி இருக்கிறது. கோடையில் உள்ளங்கைச் சூட்டுக்கு அரைத்து வைத்துக்கொள்வேன். மறுநாள் மத்தியானம் அவர் வெளியே போயிருந்தபோது, ஈர்க்குச்சியால் தொட்டு, நல்ல ரீட்டுகளின் அடிக்கட்டையில், உதடு படாத பக்கத்தில், ஒவ்வொரு புள்ளி வைத்தேன். காய்ந்ததும் துடைத்தால் பருப்பளவு சிவப்பு. எந்த ரீட் எது என்று அவர் டப்பாவில் கலந்துவிட்டாலும் நான் அடையாளம் கண்டு அதையே மேலாக எடுத்து வைக்கலாம் அல்லவா? என் திட்டம் அவ்வளவுதான். அவர் இதையெல்லாம் எங்கே கவனிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நான் புதுப் புடவை கட்டினாலே கவனிக்காதவர்.

அன்று சாயங்காலம் அவர் வெகுநேரம் ஊதினார். ஒன்றை மாட்டி ஊதுவார், கழற்றுவார், வேறொன்று, மறுபடியும் முதலாவது. புள்ளி வைத்தது, வைக்காதது, வைத்தது, வைக்காதது என்று மாறி மாறி வந்தது. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டில் இரண்டாம் தடவை தயிர் கேட்கவில்லை. உதட்டுப் புண் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் ரீட்டைச் சுரண்டவில்லை. மவுத்பீஸைத் திட்டவும் இல்லை. வாசிப்பதுகூடக் குறைவுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் கொஞ்சம் ஊதுவார், அதுவும் நல்ல ரீட்டில். உதடும் ஆறிவிட்டது. அந்த வெள்ளிக்காரி ஒரு வழியாக வீட்டோடு ஒட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, அவருக்குப் பிடித்த சேமியா செய்து போட்டேன்.

கோபாலபுரத்துக் கல்யாண நாள் வந்தது. இவர் கோட்டை மாட்டிக்கொண்டு டப்பாவை எடுத்தார். நான் திறந்து பார்த்தேன். புள்ளி வைத்தவை மேலே இருந்தன. அடியில், எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, தேய்த்து மெலிதாக்கின பழையது ஒன்றும் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று நான் விரலை நீட்டுவதற்குள் டப்பாவை மூடி ஜேபியில் போட்டுக்கொண்டார்.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. புர்க்காவைப் போட்டுக்கொண்டு தேசம்மாவோடு கிளம்பிவிட்டேன். கோபாலபுரத்துத் தெரு ஒன்றின் மூலையில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் வேடிக்கை பார்க்க நிற்கிற கூட்டத்தோடு நின்றோம். வெயில் இறங்கி, கியாஸ் விளக்குகளை அப்போதுதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூ சுற்றின திறந்த மோட்டாரில் மாப்பிள்ளை. முன்னால் பேண்டு.

தொடங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மெலிந்த ரீட்தான். தெருவையே கீறிக்கொண்டு வந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் நடந்த அம்மாள் ஒருத்தி தோளைக் குறுக்கினாள். கய்யூம் பாய் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். உமர் ஃபாரூக் தன் கிளாரினெட்டை விட்டுவிட்டு இவர் கையிலிருந்த சாக்ஸையே பார்த்தான். இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடப் பாவி மனுஷா, இத்தனை பாடுபட்டு எடுத்து வைத்தேனே, கடைசியில் இதையா மாட்டினாய் என்று புர்க்காவுக்குள் பல்லைக் கடித்தேன். போயிற்று, நாளைக்கு வீட்டுக்கு வரப்போவது தாளம்தான் என்று நினைத்தேன்.

பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் தேங்காய் உடைக்க மோட்டார் நின்றது. பேண்டும் நின்றது. கய்யூம் பாய் இவரிடம் வந்து ஏதோ சொன்னார். இவர் தலையை ஆட்டினார். ஜேபியிலிருந்து டப்பாவை எடுத்தார்.

ரீட் தேர்ந்தெடுக்கிறவர்கள் நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு தடவை ஊதிப் பார்ப்பார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, கியாஸ் விளக்கின் பக்கம் திரும்பி, அடிக்கட்டையைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகுதான் வாயில் போட்டு நனைத்து, மாட்டி, வளையத்தை இறுக்கினார்.

தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது இந்த மனுஷருக்கு.

மோட்டார் நகர்ந்தது. மெதுவாகப் போகும் ஒரு நாடகப் பாட்டை எடுத்தார். என் கல்யாண ஊர்வலத்தில் இவர் நண்பர்கள் வாசித்த பாட்டு அது. எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுடு சோற்றில் நெய் விட்டதும் அது இறங்குமே, அப்படித் தெருவில் இறங்கியது. தோளைக் குறுக்கிய அம்மாள் நிமிர்ந்து நடந்தாள். கய்யூம் பாய் முன்னால் திரும்பிக்கொண்டு கையை ஆட்டித் தாளம் போட ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு அடிவயிற்றில் அந்த நிம்மதி வந்தது. கூடவே கண்ணும் முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா பாயம்மா, அழுவுறியா?"

"புர்க்கா துணி கண்ல குத்துது."

"குத்தும் குத்தும்," என்றாள் தேசம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் விடவில்லை.

அவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்து சேர்ந்தபோது நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். பேச்செல்லாம் மறுநாள் காலையில்தான். டீ குடித்துவிட்டு, டப்பாவைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"எலி மருதாணி வெக்குமா ஜஹீதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைக் கட்டையாக்கி மறுபடி கேட்டேன்.

"நீ வெச்ச அன்னிக்கே. ரீட்ட கையில எடுத்தா குப்புனு மருதாணி வாசன. சிலதுல புள்ளி கீது, சிலதுல இல்ல. சரி, நல்லதுக்குத்தான் வெச்சிருக்கான்னு புரிஞ்சுது. ரெண்டையும் மாத்தி மாத்தி ஊதிப் பாத்தேன்." டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது. உனக்கு அடுப்பங்கரை வரிக்கும் தெரியற வித்தியாசம், வாயில வெச்சிகினு இருக்கிற எனக்குத் தெரியல. அப்பத்தான் புரிஞ்சுது, கோளாறு ரீட்ல இல்லேன்னு."

எதை மறைப்பதற்காக அந்தப் புள்ளியை வைத்தேனோ, அதையே அந்தப் புள்ளி அவருக்குச் சொல்லிவிட்டது. தயிர் கேட்காத அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்துகொண்டு நான் உதட்டுப் புண் என்று நினைத்தேன். அத்தனை நாளும் அந்த மனுஷர் தனியாக அதை வைத்துக்கொண்டு என் சேமியாவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அப்பறம் எதுக்கு நேத்து அந்த இழவெடுத்த ரீட்ட மாட்டினீங்க? என் உசுரே போயிடுச்சு."

"அதுல ஊதினாத்தான் எனக்குக் கொஞ்சமாச்சும் கேக்குது. கடசியா ஒரு தரம், எனக்குக் கேக்கறா மாரி ஒரு பாட்டு வாசிச்சிரலாம்னு ஆச. அவ்ளோதான். தேங்கா ஒடைக்கிற வரிக்கும்னு நெனச்சிகினேன்."

"ரெண்டாவது பாட்டு?"

"ரெண்டாவதுல எனக்கு ஒண்ணும் தெரியல. பல்லுல குறுகுறுன்னுது. விரல் அது பாட்டுக்குப் போச்சு. உன் புள்ளிய நம்பி ஊதினேன்." என் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "எப்டி இருந்துச்சு சொல்லு. மரத்தடியில நின்னுகினு இருந்தியே."

"பாத்தீங்களா?"

"காதுதான போச்சு, கண்ணு இன்னா ஆச்சு? குப்பத்து அம்மா பக்கத்துல ஒரு புர்க்கா நின்னா அது யாருன்னு எனக்குத் தெரியாதா? சொல்லு, எப்டி இருந்துச்சு?"

எப்படிச் சொல்வேன்? நெய், சோறு என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், எனக்கு வந்த கட்டைக்குரலில் அந்தப் பாட்டை முனகினேன். நான் பாடி யாரும் கேட்டதில்லை, தொட்டிலில் கிடந்த என் மகளைத் தவிர. அவளும் அழுதுதான் இருக்கிறாள். முதல் அடி முடிவதற்குள் சுருதி எங்கோ போய்விட்டது. ஆனாலும் விடாமல் முனகினேன்.

அவர் அசையாமல் கடைசிவரை கேட்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"இப்டியா வாசிச்சேன்? அப்ப கய்யூம் பாய் சொன்னதுல தப்பே இல்ல. தாளமே குடுத்துடலாம்."

அடித்தேன். வாங்கிக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் என் கண்ணாடியில் ஒட்டியிருந்த ரீட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, டப்பாவில் இருந்ததோடு சேர்த்து, புள்ளி உள்ளதைத் தனியாகவும் இல்லாததைத் தனியாகவும் வைத்தார். சாக்ஸை எடுத்துவந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தன் முழங்கால் மேல் வைத்தார்.

"இங்கியே இரு. கீச்சுன்னா அழுத்து."

பச்சை வளையல்கள் அவர் முழங்காலில் சரிந்து சத்தம் போட்டன. அவர் அதைப் பார்த்தார். பிறகு புள்ளி வைத்த ஒன்றை மாட்டிக்கொண்டு, நேற்றைய பாட்டை முதலிலிருந்து எடுத்தார்.

நான் அழுத்தவில்லை. பாட்டு முடிகிறவரை கையை அங்கேயே வைத்திருந்தேன்.